ஜெனரல் கிராண்டின் கடைசிச் சாக்ஷியம்

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு வழக்கில் எத்தனை தஸ்தாவேஜுகள் தாக்கலானாலும், சம்பவத்தை நேரில் கண்டவன் கூண்டில் ஏறி வாய் திறக்கும் வரையில் உண்மையின் முழு உருவம் துலங்குவதில்லை. அந்தச் சாக்ஷி காலமாகிவிட்டால் அவன் அறிந்தது அவனோடு போய்விடுகிறது. அதன் பிறகு எந்த நீதிபதியும் அவனுக்குச் சம்மன் அனுப்ப முடியாது. யுத்த சரித்திரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சேனாதிபதிகளின் உத்தரவுகளும், சர்க்கார் அறிக்கைகளும், மாண்டவர்களின் தொகையும் காகிதத்தில் தங்கிவிடுகின்றன. போர்க்களத்தில் நின்றவன் கண்டதும், அஞ்சியதும், பின்னர் நினைத்து வருந்தியதும் அவனே சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சேனாதிபதி யுலிஸிஸ் கிராண்டின் ஜீவிய சரித்திரம். அடிமை முறை காரணமாக அந்நாட்டின் வட பாகத்தாருக்கும் தென் பாகத்தாருக்கும் 1861ம் வருஷம் முதல் 1865ம் வருஷம் வரையில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வட பாகத்தாருக்கு வெற்றி தேடித் தந்தவர் அவர். பின்னர் இரண்டு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆயினும், அவருடைய வெற்றிகளையும் பதவிகளையும் விட, உயிர் பிரியும் தறுவாயில் அவர் செய்து முடித்த ஒரு காரியமே இன்று நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

கிராண்ட் 1822ம் வருஷம் ஏப்ரல் மாதம் 27ந் தேதி ஒஹாயோ மாகாணத்தில் பாயிண்ட் பிளெஸண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தைக்குத் தோல் பதனிடும் தொழில். மகனுக்கோ அத்தொழிலைக் கண்டாலே அருவருப்பு. ரத்தத்தைப் பார்க்கச் சகியாதவர். மாமிசம் கருகும்படி வாட்டப்பட்டிருந்தால் அல்லாமல் அதைத் தொடமாட்டார். இப்படிப்பட்டவர் யுத்த வீரராக வேண்டுமென்று விதி இருந்தது போலும். தந்தையின் ஏற்பாட்டினால் 1839ம் வருஷத்தில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1843ம் வருஷத்தில் தேறிய 39 பேரில் 21வது ஸ்தானம் பெற்றார். அவரைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

1846ம் வருஷத்தில் அமெரிக்கா மெக்ஸிகோவின் மீது தொடுத்த யுத்தத்தில் இளம் உத்தியோகஸ்தராகக் கிராண்ட் கலந்துகொண்டார். தைரியசாலி என்று பெயரும் எடுத்தார். ஆனால், பலம் பொருந்திய தேசம் பலஹீனமான தேசத்தின் மீது நடத்திய மகா அநியாயமான யுத்தம் அது என்ற முடிவுக்கு அவர் பிற்காலத்தில் வந்தார். அதைத் தமது நூலிலும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். தம் நாடு பின்னர் அநுபவித்த உள்நாட்டுக் கலகம் அந்தப் பாவத்தின் பலனே என்பது அவருடைய அபிப்பிராயம். ஜயித்த தேசத்தின் சேனாதிபதி ஒருவர் தம் தேசத்தின் யுத்தத்தையே இவ்வாறு கண்டித்து எழுதியது உலக சரித்திரத்தில் அபூர்வம். பிறர் படையெடுப்பின் கொடுமையை அறிந்த ஜனங்களுக்கு இந்த வாக்குமூலத்தின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1854ம் வருஷத்தில் அவர் உத்தியோகத்தை ராஜினாமாச் செய்தார். மனைவி மக்களைப் பிரிந்து தூர தேசத்தில் இருந்த ஏக்கத்தில் குடிப்பழக்கத்துக்கு ஆளானார் என்ற அபவாதமும் அவரைப் பின்தொடர்ந்தது. அடுத்த ஏழு வருஷங்கள் தரித்திர காலம். விவசாயம் செய்தார், பலிக்கவில்லை. ஸெயிண்ட் லூயி நகரத்துத் தெருக்களில் விறகு விற்றார். 1857ம் வருஷம் கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கியபோது சங்கிலியில் தொங்கவிடும் தமது தங்கக் கடிகாரத்தையே அடகு வைக்கும்படி நேர்ந்தது. அந்த வறுமையிலும், தம் வசமிருந்த ஒரே அடிமையை விற்றுப் பணமாக்காமல் 1859ம் வருஷத்தில் விடுதலை செய்தார். மறு வருஷம் தந்தையின் தோல் மண்டியில் தம்பிமாருக்குக் கீழே குமாஸ்தா வேலைக்குப் போனார்.

இந்த நிலையில் யுத்தம் மூண்டது. 1861ம் வருஷம் ஜூன் மாதத்தில் இல்லினாய் மாகாணத்துத் தொண்டர் படை ஒன்றுக்குக் கர்னலாக நியமிக்கப்பட்ட கிராண்ட், மூன்று வருஷத்துக்குள் வட பாகத்துச் சேனைகள் அனைத்துக்கும் தலைவரானார். 1862ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் டானெல்ஸன் கோட்டை வீழ்ந்தது. ஏப்ரல் மாதத்தில் ஷைலோ என்னுமிடத்தில் இரண்டு நாள் கோரமான போர் நடந்தது. 1863ம் வருஷம் ஜூலை மாதம் 4ந் தேதி விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தது. 1864ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜனாதிபதி லிங்கன் அவரைப் பிரதம சேனாதிபதியாக்கினார். 1865ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9ந் தேதி தென் பாகத்துச் சேனாதிபதி ராபர்ட் லீ அப்போமாட்டக்ஸ் கிராமத்தில் கிராண்டிடம் சரணடைந்தார். நான்கு வருஷத்தில் 6 லக்ஷத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டிருந்தார்கள். 40 லக்ஷம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள்.

1869ம் வருஷம் முதல் 1877ம் வருஷம் வரையில் கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தார். விடுதலை பெற்ற கறுப்பு மக்களின் உரிமைகளைக் காப்பாற்றக் கடுமையான நடவடிக்கைகள் எடுத்தார். ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த சிலர் செய்த ஊழல்கள் அவருடைய ஆட்சிக்கு மாசு கற்பித்தன. மனிதரை நம்பிக் கெடுவது அவரோடு பிறந்த குணம். பதவி நீங்கியபின் உலக யாத்திரை செய்து, 1879ம் வருஷத்தில் இந்தியாவுக்கும் வந்து போனார். நியூயார்க் திரும்பியதும், பெர்டினாண்ட் வார்ட் என்பவன் நடத்திய கம்பெனியில் தம்முடைய பெயரையும் பணத்தையும் போட்டார். 1884ம் வருஷம் மே மாதத்தில் அந்தக் கம்பெனி முழு மோசடி என்பது வெளியாயிற்று. கம்பெனி விழுவதற்கு இரண்டு நாள் முன்னர் வார்டின் பேச்சை நம்பி, வாண்டர்பில்ட் என்னும் கோடீசுவரரிடம் 1,50,000 டாலர் கைமாற்றாக வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தக் கடனுக்காகத் தமது வாள்களையும், பதக்கங்களையும், உலகத்து மன்னர்கள் அளித்த வெகுமதிகளையும் ஒப்புக்கொடுத்துவிட்டார். அவை பின்னர் அரசாங்கத்துக்குச் சேர்ந்து, காட்சிசாலையில் பத்திரமாக இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வாள் எத்தனை காலம் இருந்தாலும் பேசுமா?

பேச வைத்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். அக்காலத்தில் நியூயார்க்கில் செஞ்சுரி என்ற மாதப் பத்திரிகை மதிப்புடன் நடந்து வந்தது. யுத்தம் முடிந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. கலந்துகொண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இரண்டு பக்ஷத்துச் சேனாதிபதிகளையும் சிப்பாய்களையும் கொண்டு அவரவர் அநுபவத்தை எழுதச் செய்து வெளியிட வேண்டும் என்று அதன் ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். கிராண்டையும் கேட்டார்கள். தமக்கு எழுத வராது, மற்றவர்கள் வேண்டியது எழுதிவிட்டார்கள் என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். கையில் காசில்லாத நிலை வந்தபின் ஒப்புக்கொண்டார். கட்டுரை ஒன்றுக்கு 500 டாலர் பேச்சு.

அவர் முதலில் அனுப்பியது ஷைலோப் போரைப் பற்றிய கட்டுரை. அதைப் பிரித்துப் பார்த்த ஆசிரியர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் படை எங்கே நின்றது, எத்தனை மணிக்கு நகர்ந்தது என்ற விவரங்களைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. போர் நடந்த காலத்தில் சர்க்காருக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் போலவே அது இருந்தது. ஏறக்குறைய 24,000 பேர் மாண்டும், காயமுற்றும், காணாமற்போயும் ஒழிந்த ஒரு களத்தில் நின்ற மனிதனின் சுவடே அதில் காணவில்லை.

உதவி ஆசிரியர் ராபர்ட் ஜான்ஸன் கிராண்ட் தங்கியிருந்த கடற்கரை ஊருக்கு நேரில் சென்றார். கட்டுரை பயன்படாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அவர் மனத்தை நோகச் செய்யவில்லை. பக்கத்தில் அமர்ந்து ஷைலோவைப் பற்றிச் சாவகாசமாகக் கேள்விகள் கேட்டார். கிராண்ட் பேசப் பேச, காகிதத்தில் இல்லாத சங்கதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விருந்துக்குப் பிறகு நண்பர்களிடம் பேசுவதுபோல, தாம் கண்டதையும் நினைத்ததையும் எழுதினால் போதும் என்று ஜான்ஸன் எடுத்துச் சொன்னார். நல்ல வக்கீல் சாக்ஷியை மிரட்டமாட்டான். அவன் மறந்ததை அவன் வாயாலேயே நினைவூட்டுவான். ஜான்ஸன் செய்ததும் அதுதான்.

கிராண்ட் மீண்டும் எழுதினார். இப்போது அந்தக் களமே கண்முன் எழுந்தது. முதல் நாள் இரவு கொட்டும் மழை. சில தினங்களுக்கு முன் குதிரை இடறி விழுந்ததில் அவருடைய கணுக்கால் வீங்கியிருந்தது. மரத்தடியில் படுத்தவருக்கு வலி தாளவில்லை. நடுநிசிக்குமேல் அருகிலிருந்த மரவீட்டுக்குப் போனார். அது ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. வைத்தியர்கள் காயமுற்றவர்களின் கைகால்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரியின் குண்டுகளுக்கு அசையாத சேனாதிபதி அந்தக் காட்சியைத் தாங்கமாட்டாமல், மழையில் நனைந்தபடி மரத்தடிக்கே திரும்பிவிட்டார். மறுநாள் ஒரு குண்டு அவருடைய வாளுறையைத் தாக்கி உடைத்தது. ஒரு வெட்டவெளியில் தரையில் கால் படாமல் பிணங்களின் மீதே நடந்து போகலாம் என்னும்படி உடல்கள் கிடந்தன. எந்தச் சர்க்கார் அறிக்கையிலும் இவை இடம்பெறுவதில்லை. ஒருவர் கேட்டதால் உலகத்துக்குக் கிடைத்தவை இவை. 1885ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

எழுதத் தொடங்கிய அதே கோடைகாலத்தில் கிராண்டுக்குத் தொண்டையில் வலி கண்டது. இலையுதிர்காலத்தில் வைத்தியரிடம் காட்டியபோது, நாவின் அடியில் புற்றுநோய் என்று தெரிந்தது. குணப்படுத்த வழியில்லை. தாம் இறந்தால் மனைவி ஜூலியா தெருவில் நிற்க வேண்டியதுதான் என்பதை அவர் அறிந்தார். முழு நூலே எழுதிவிடுவது என்று துணிந்தார். செஞ்சுரிக்காரர்கள் நூலுக்குத் தருவதாகச் சொன்ன விகிதம் சொற்பம் என்பதைக் கேள்வியுற்ற பிரசித்த எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், தாம் தொடங்கிய பிரசுராலயத்தின் மூலம் நிகர லாபத்தில் 100க்கு 70 வீதம் தர முன்வந்தார். 1885ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அதன் பிறகு நடந்தது யமனுக்கும் பேனாவுக்கும் போட்டி. கை ஓய்ந்தபோது சுருக்கெழுத்துக்காரரிடம் சொல்லி எழுதுவித்தார். குரல் அடங்கியபோது பென்ஸிலைப் பிடித்துத் தாமே எழுதினார். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குவதே பெரும் வேதனை. வைத்தியர்களிடம் சொல்ல வேண்டியதையும் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். நூலை வேறொருவர் எழுதித் தருகிறார் என்று ஒரு பத்திரிகை கிளப்பிய புரளியை மறுத்து, எழுத்து முழுவதும் தம்முடையதே என்று தெரிவித்தார். ஜூன் மாதம் 16ந் தேதி ஸரடோகாவுக்கு அருகேயுள்ள மெக்கிரெகர் மலைக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். ஜூலை மாதத்தின் நடுவில் நூல் முடிந்தது. 23ந் தேதி காலையில் அவர் காலமானார். வயது 63.

இரண்டு பாகங்களாக 1,200 பக்கங்களுக்கு மேல் விரிந்த அந்த நூலை, பழைய சிப்பாய்கள் பலர் தங்கள் யுத்தகால உடுப்பை அணிந்து வீடு வீடாகச் சென்று விற்றார்கள். 3 லக்ஷம் பிரதிகளுக்கு மேல் செலவாயின. ஜூலியாவுக்கு 4 லக்ஷம் டாலருக்கு அதிகமாகக் கிடைத்தது. கணவரின் கடைசி எண்ணம் பூர்த்தியாயிற்று.

ஆனால் நூலின் பெருமை பணத்தில் இல்லை. தம் பயத்தையும் பிழையையும் அதில் அவர் மறைக்கவில்லை. 1861ம் வருஷத்தில் முதல் தடவையாகத் தம் படையுடன் எதிரியின் பாசறையை நோக்கிக் குன்றேறியபோது நெஞ்சு பதைத்ததையும், உச்சியிலிருந்து பார்த்தபோது எதிரி முன்னமே ஓடிப்போயிருந்ததையும், தம்மைக் கண்டு அவனும் அவ்வளவே அஞ்சியிருக்கிறான் என்ற ஞானம் அப்போது உதித்ததையும் சொல்கிறார். 1864ம் வருஷம் கோல்ட் ஹார்பரில் தாம் உத்தரவிட்ட கடைசித் தாக்குதலுக்காக என்றும் வருந்தியதாக ஒப்புக்கொள்கிறார். லீ சரணடைந்தபோது தமக்கு உண்டானது களிப்பு அல்ல, துயரமே என்கிறார். ஆயினும், லீயின் வீரர்கள் எதற்காகப் போரிட்டார்களோ அந்த நோக்கம் மிகக் கேடானது என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நூலை அமெரிக்கச் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் சமர்ப்பித்தார். வட பாகத்துக்காகப் போரிட்டவர்கள் என்று குறிப்பிடலாமே என்று மகன் கேட்டபோது, அவர் இணங்கவில்லை.

இனி, சாக்ஷியத்தை எடைபோட வேண்டியது நம் கடமை. கிராண்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1862ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், சில வியாபாரிகளின் குற்றத்துக்காக யூதர்கள் அனைவரையும் தம் அதிகார எல்லையிலிருந்து வெளியேற்றும்படி அவர் பிறப்பித்த அநியாயமான உத்தரவைப் பற்றியும் மௌனம்; அதை லிங்கன் அடுத்த மாதமே ரத்து செய்தார். நல்ல சாக்ஷியும் தனக்கு உறுத்துவதை விழுங்கிவிடுவான் என்பதற்கு இது அத்தாட்சி. இதற்குப் பரிகாரம் ஒருவன் வாய்மொழியைத் தள்ளிவிடுவது அன்று; பலருடைய வாய்மொழிகளைச் சேர்த்து வைத்து ஒத்துப் பார்ப்பதே.

சொல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் அந்த யுத்தத்திலேயே சான்று உண்டு. லீயும் ஒரு நூல் எழுதக் கருதித் தம் உத்தியோகஸ்தர்களிடம் தஸ்தாவேஜுகளைக் கேட்டுச் சேகரித்தார். எழுதாமலே 1870ம் வருஷத்தில் காலமானார். அவர் விட்டுப்போன இடத்தை வேறு பலர் நிரப்பினார்கள். தென் பாகத்தார் அடிமை முறைக்காகப் போரிடவில்லை என்றும், வட பாகத்தார் ஆள்தொகையினால் மட்டுமே வென்றார்கள் என்றும் ஒரு கதை கட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களிலும் நுழைந்தது. யுத்தத்தின் காரணம் அடிமை முறையே என்று கிராண்ட் எழுதி வைத்த வாக்குமூலம் அந்தக் கதைக்கு எதிராக இன்றளவும் நிற்கிறது.

கிராண்ட் சேனாதிபதி, ஆகையால் பத்திரிகாசிரியர் அவர் வீட்டுக்கு வந்தார். சாமானிய சிப்பாயின் வீட்டுக்கு யார் போனார்கள்? வட பாகத்துச் சேனையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பு வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் முந்தின நாள் வரை அடிமைகள். அடிமைக்கு எழுத்தறிவிப்பது தென் மாகாணங்கள் பலவற்றில் குற்றமாக இருந்தபடியால், தம் கதையைத் தாமே எழுதக்கூடியவர்கள் சிலரே. பென்ஷன் கோரி அவர்களும் அவர்களுடைய விதவைகளும் கொடுத்த பிரமாண வாக்குமூலங்களில்தான் அவர்களுடைய பிறப்பும், விவாகமும், பட்ட காயமும் இன்று தெரிய வருகின்றன. குமாஸ்தா ஒருவன் கேட்டு எழுதிய அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான வீரர்களின் பெயருக்கு அப்பால் ஒன்றும் மிஞ்சியிராது.

அந்த யுத்தத்தில் கலந்துகொண்ட வட பாகத்துக் கடைசி வீரர் 1956ம் வருஷத்தில் மறைந்தார். அன்றோடு அந்தச் சாக்ஷிக் கூண்டு காலியாயிற்று. 2000ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, முதல் உலக யுத்தம் முதற்கொண்டு போரிட்ட வீரர்களின் அநுபவங்களை அவர்கள் வாயாலேயே பதிந்து வைக்கும் பொறுப்பைத் தன் தேசியப் புத்தகசாலைக்கு அளித்தது. அங்கே 1 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்களின் வரலாறுகள் சேர்ந்திருக்கின்றன. கிராண்டின் காலத்தில் ஒரு பத்திரிகை தொடங்கிய காரியத்தை ஒரு தேசமே மேற்கொண்டது.

யுத்தத்தைப் புகழ்வதற்காக இந்த வரலாறுகள் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஷைலோவின் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பி நடந்த மனிதனை அறிந்தவர்கள் எளிதில் யுத்தத்தைப் புகழமாட்டார்கள். யுத்தம் வேண்டும் வேண்டாம் என்று தீர்மானிக்கும் ஜனங்களுக்கு அதன் உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. நேயர்களில் எவருடைய வீட்டிலாவது, எவருடைய ஊரிலாவது, போருக்குப் போய்த் திரும்பிய முதியவர் ஒருவர் இருந்தால், அவர் தாமாகப் பேசுவார் என்று காத்திருக்க வேண்டாம். கிராண்டே தாமாகப் பேசவில்லை. அருகில் அமர்ந்து பொறுமையுடன் கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள். தொண்டை அடைத்த பிறகு பென்ஸிலைத் தேடும் மனவுறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.